டர்பன் ஆட்டம் நின்ற வருடம்

நேற்று சனிக்கிழமை. ரங்கநாதரைச் சேவித்துவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து திரும்பும்போது, மைசூர் வருவதற்கு முன்னாலேயே ரயில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “வந்துடுச்சாம்மா?” என்றாள். “இல்லம்மா. நிக்குது, அவ்ளோதான்,” என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் வாய்ச்சொல் என்று உறைத்தது. துளசியைக் கைக்குள் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே ரயில்வே பணிமனையில் உழைத்தவர் நீங்கள். நடுவழியில் நிற்பதும் கடைசி ஸ்டேஷனில் நிற்பதும் உங்களுக்கு ஒன்றல்ல. வீட்டில் கரண்ட் போனாலும், கல்யாணப் பேச்சு தடைப்பட்டாலும், அதே சொல்தான்.

நம் வீட்டில் சனிக்கிழமை என்றால் காலையில் பெருமாள், மதியத்திலிருந்து ரக்பி. முட்டை மாதிரி ஒரு பந்து. அதை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன் மேல் நாலைந்து பேர் விழுந்து அமுக்குவார்கள். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா எட்டிப் பார்த்து, “ஏன்ரீ, தசரா குஸ்தி இன்னும் முடியலியா?” என்பார். பெருமாள் கிழமையில் இந்த அடிதடியா என்று நான் முனகினால், பாயில் கிடந்தபடியே பதில் வரும்: “பெருமாளே படுத்துக்கிட்டுதாம்மா இருக்காரு. நான் படுத்துக்கிட்டு மேட்ச் பாத்தா என்ன?”

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று மூன்று நாட்டு அணிகள், சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள், பன்னிரண்டு அணிகளோடு தொடங்கிய போட்டி என்பீர்கள். சூரியன் போகிற வழியிலேயே ஆட்டமும் வரும். நான் குழம்பைக் கூட்டும்போது நியூசிலாந்தில் இருட்டியிருக்கும். சாப்பிட்டு எழுந்தால் ஆஸ்திரேலியா. விளக்கேற்றும் நேரத்துக்குத் தென்னாப்பிரிக்கா. திரையின் மூலையில் அணிப் பெயர்களுக்கு மும்மூன்று எழுத்து போடுவார்களே, அவற்றைக் கூட்டிக் கூட்டித்தான் நான் இங்கிலீஷ் படித்தேன்.

உங்கள் அணி டர்பன். உங்கள் தாத்தாவின் அண்ணன் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன ஊர். போனவரிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அந்த மைதானத்தைக் காட்டினால் நீங்கள் பந்தைப் பார்க்க மாட்டீர்கள், கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். “நம்ம மூக்கு ஒண்ணாவது ஆப்புடும் பாரு. எங்க வம்சத்துல அது தப்பாது.”

“ஒரு மூக்கை வச்சிக்கிட்டே நான் படற பாடு போதும்.”

நமக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கிண்டலை அதற்கு மேல் நாம் வளர்த்ததில்லை.

டர்பன் இறுதி ஆட்டம் வரை போகும், தோற்கும். ஒருமுறை சொந்த மைதானத்திலேயே கடைசி மூச்சில் கோப்பையைக் கோட்டைவிட்டது. அன்று நீங்கள் சாப்பிடவில்லை. பிறகு அர்ஜென்டினா வந்தது, ஜப்பான் வந்தது, பதினெட்டு அணிகளாயின. வீட்டுக் கணக்கில் எட்டணா பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கே அந்தப் புள்ளிப் பட்டியல் பிடிபடவில்லை. “பந்தியில ஆளைக் கூட்டிக்கிட்டே போனா யாருக்குங்க வயிறு நெறையும்?” என்றேன். சிரித்தீர்கள். கொஞ்ச நாளில் அவர்களே சில இலைகளை எடுத்துவிட்டார்கள்.

கொரோனா வந்த வருடம் பட்டியலில் முதலில் நின்றது உங்கள் டர்பன். “இந்தத் தடவை விட மாட்டாங்க பாரு,” என்றீர்கள். நாடுகள் எல்லைகளை மூடின; ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். “நிக்குது, அவ்ளோதான்,” என்றீர்கள்.

புரட்டாசியில் உங்களுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு நர்ஸம்மா தன் போனை உங்கள் காதில் வைப்பார். அதற்குள் இங்கே செய்தி வந்திருந்தது: தென்னாப்பிரிக்காவின் பெரிய அணிகள் இந்தப் போட்டியை விட்டே போகின்றன, இனி ஐரோப்பாக்காரர்களோடுதான் ஆடப்போகின்றன. அன்று நீங்கள் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை.

“ஏம்மா, நம்மாளுங்க எப்ப எறங்குறாங்களாம்?”

பூஜை அறைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். பெருமாளைப் பார்த்தபடியே சொன்னேன்: “நிக்குதுங்க. அவ்ளோதான்.”

“அப்ப சரி,” என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் குரல் இல்லை. சுற்றிக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். முகத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டேன். ஒரு விநாடி போதும் என்று கேட்டேன். முடியாது என்றார்கள்.

நேற்று அந்த வண்டி கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் சிரித்தாள், “நீங்க சொன்னது சரிதாம்மா,” என்றாள்.

மதிய ஆட்டங்கள் இப்போதும் வருகின்றன. பசிபிக் தீவுக்காரர்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். விளக்கேற்றும் நேரம்தான் வெறுமையாகிவிட்டது. வேறு போட்டியில் எப்போதாவது டர்பன் மைதானத்தைக் காட்டினால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து டிவிக்கு எதிரில் கிட்டத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. கூட்டத்தைக் காட்டும்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். அங்கே யாருக்காவது உங்கள் மூக்கு இருக்கும்.