ஹிலூ மீன் கூடு கட்டிய பாறை

கலிம்னோஸ் தீவு,
மே மாதம்.

அன்புள்ள செவஸ்திக்கு,

வீட்டுக்குக் கீழே கடலோரமாக இருக்கும் உன் நிலத்துக்கு விலை பேசி முடித்துவிட்டேன். மூத்த மகள் என்று உன் அம்மா உனக்குக் கொடுத்தது. அதில் என் பேரில் ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. நம் தீவில் எந்த ஆண்பிள்ளைக்குத்தான் இருக்கிறது? நீதான் போனில், "வித்துடுங்க, நம்ம பொண்ணு எவ்தோகியாவுக்கு இங்க டார்வின்லயே வீடு பாத்துடலாம். இனி அங்க யாரு வந்து இருக்கப் போறா?" என்றாய். பேரன் பிறக்கும்போது ஆஸ்திரேலியா போனவள் நீ. அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

கடை பரவாயில்லை. கடற்பஞ்சு வாங்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். முழங்காலுக்கு மட்டும் படி ஏறப் பிடிக்கவில்லை.

வாங்குபவன் ஓட்டல்கார லெஃப்தெரிஸ். நிலத்தை ஒட்டிய பாறைமேல் சிமென்ட் கொட்டிப் படகுத்துறை கட்டுவானாம். விற்கும் சரக்கைப் பார்க்காமல் விலை சொல்லக்கூடாது இல்லையா, உன் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். நீ சொல்வாயே அந்த ஹிலூ மீன், இந்த வருஷமும் வந்திருக்கிறான். விரல் நீளம்தான், தடித்த உதடு. பாசியை வாயில் கவ்வி வந்து பாறை இடுக்கில் திணித்துத் திணித்துக் கூடு கட்டியிருக்கிறான். பெண்மீன்கள் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகின்றன. இவன் இரைக்குக்கூட நகராமல் வாசலிலேயே துடுப்பை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். கிறுக்குப் பயல் என்று நினைத்தேன். மறுநாளும் போய்ப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும்.

பாறையைத் தொடக்கூடாது என்று நான் சொன்னதும் லெஃப்தெரிஸ் சிரித்தான். "அண்ணே, வாய் நெறைய முள்ளு, சூப்புக்குக்கூடத் தேறாத மீனு. இதுக்குப் போயி விலையக் கொறைக்கிறியா? அண்ணி இல்லாம உனக்குக் கணக்கே மறந்துபோச்சு!"

"மறந்தா மறந்துட்டுப் போகுது, உனக்கு லாபந்தானே? கைய நீட்டு" என்றேன்.

கையெழுத்தை அங்குள்ள தூதரகத்திலேயே போட்டு அனுப்பலாம் என்று வக்கீல் சொன்னார். அது சரிப்படாது என்று நான்தான் சொல்லிவிட்டேன்.

எவ்தோகியாவுக்கும் பேரனுக்கும் என் முத்தங்கள். மாதா உங்களைக் காக்கட்டும்.

பேசி முடித்தது இதுதான். விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பாறைமேல் சிமென்ட் விழாது. பத்திரத்தில் நீ இங்கே நேரில் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் கூட்டில் மீன் இருக்கும் மாதத்தில். தண்ணீரில் இறங்கிப் பார்த்த பிறகு விற்க மனமில்லை என்று நீ சொன்னால், லெஃப்தெரிஸ் கொடுத்த முன்பணத்தை மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

உன்,
சகெல்லாரிஸ்