பாதித் திரை போதும்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் குட்டியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் உங்கள் சுரங்க முகாமும் அந்த மெஷின் ஷெட்டும் எப்படி என்று நீங்கள் எழுதினால்தான் தெரியும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசியே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறதே, எங்கே சொல்ல?

முதலில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், குறுக்கே பேசாதீர்கள். நம் வீட்டில் இப்போது ஒரு சர்வர் ஓடுகிறது. எந்நேரமும் விழித்திருந்து, கேட்டதை எடுத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். நான் வைத்தது. மவுஸைத் தொடாமல், வெறும் கட்டளைகளை அடித்தே வைத்தது.

நீங்கள் கிளம்புகிற அவசரத்தில் கீழே போட்டு உடைத்தீர்களே, அந்த லேப்டாப்தான். திரையில் வலது பாதி கறுத்துக் கிடந்தது. உங்கள் தம்பியின் கடைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாராம், பெரிய மேதாவி! புரட்டிப் பார்த்துவிட்டு, இதிலிருக்கிற மெமரிக்கு ஒரு படம் திறந்தாலே மூச்சு வாங்கும் அண்ணி, கதவுக்கு முட்டுக்கொடுங்கள் என்றார். படமே வேண்டாம், விண்டோஸுக்குப் பதிலாக எழுத்து மட்டும் ஓடுகிற லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறதாமே என்றேன். அதில் ஒவ்வொன்றையும் டைப் அடிக்கணும், உங்களுக்கு எதுக்கு வேண்டாத வேலை என்றார். யாரிடம்? பதினாறு வருஷமாகப் பத்திரம் டைப் அடிக்கிறவளிடம்! லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குட்டி மதியம் தூங்குகிற ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு. எழுத்து இடது ஓரத்தில்தானே தொடங்குகிறது, பாதித் திரை போதும். நீளமான வரிதான் கறுப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. வரியைக் குறுக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது, டைப்ரைட்டரில் மார்ஜின் வைப்பது மாதிரி. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் நான்கு நாள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். சர்வருக்கு வீட்டு நெட்டில் ஒரு நிலையான முகவரி எழுதிக் கொடுக்க வேண்டும், நடுவில் புள்ளி வைத்த எண்கள். எத்தனை தடவை எழுதினாலும் தப்பு, தப்பு என்று திட்டியது. கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் திரையை விட்டுவிட்டு என் விரலைப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். நான் டைப் படித்த பழைய மெஷினில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. ஆங்கிலச் சின்ன ‘எல்’லைத்தான் ஒன்றாக அடிப்போம். இத்தனை வருஷமும் என் விரல் அங்கேதான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. காகிதத்தில் யாருக்குத் தெரியும்? இதற்குத் தெரிந்துவிட்டது. மாற்றி அடித்தேன். ஒரு சத்தமும் இல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. தப்பிருந்தால் கத்தும், சரியாகச் செய்தால் வாயைத் திறக்காது. அப்படியே உங்களை மாதிரி.

உங்கள் தம்பி வந்து பார்த்தார். எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று கேட்டார். அடித்துக் காட்டினேன், இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மனுஷர் அசந்துபோய், கடைக்கு வேலைக்கு வருகிறீர்களா அண்ணி என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொன்னேன்.

போகும்போதுதான் சொன்னார், நீங்கள் அங்கேயே இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறீர்களாம். எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது. ஆனால் காரணம் எனக்குத் தெரியும். கடைசியாகப் பேசிய அன்றைக்கு வீடியோவில் உங்கள் முகம் அசையாமல் நின்றபோது, ‘போன் மாமா தூங்கிட்டாங்க’ என்றாள் குட்டி. நீங்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. நீங்கள் போகும்போது என் வயிற்றில் இருந்தவள். போன வருஷ லீவையும் விட்டுக்கொடுத்தீர்கள். குழந்தை வேறென்ன சொல்லும், சொல்லுங்கள்?

அன்றைக்குத்தான் இந்த யோசனையே வந்தது. உங்கள் முகாமில் வருகிற நெட்டுக்குப் படம் வராது, எழுத்து வரும். அவளைப் பற்றி தினம் ஒரு பக்கம் எழுதிச் சர்வரில் வைத்திருக்கிறேன், இதுவரை முப்பத்தெட்டு. செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, சரியாகத்தான் இருக்கு என்று சண்டை போட்டது. தன்னை ‘நீ’ என்றும் என்னை ‘நான்’ என்றும் சொல்வது. அவள் குரலும் சின்னச் சின்னத் துண்டாக இருக்கிறது. மெசேஜில் அனுப்பக் கூடாதா என்பீர்கள். மெசேஜ் என்றால் நமக்கு ‘சாப்பிட்டீங்களா’, ‘சாப்பிட்டேன்’, அதோடு சரி. இது நீங்கள் நினைத்த நேரத்தில் வந்து உட்கார்ந்து படிக்க. உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டேன். வெளியிலிருந்து வரவேண்டிய முகவரியும் பாஸ்வேர்டும் இத்துடன் தனித்தாளில் இருக்கின்றன. கையாலேயே எழுதினேன், ஒன்றெல்லாம் ஒன்றுதான், பயப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று காட்டுவதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. காலையில் எழுந்ததும் அடித்துப் பார்க்கிறேன். என் பெயருக்கு நேரே தேதியும் நேரமும் இருக்கும். உங்கள் பெயருக்கு நேரே, ‘ஒருமுறைகூட வந்ததில்லை’ என்று இருக்கும். பாஸ்வேர்டே இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை, பின்னே எப்படி வந்திருப்பீர்கள் என்று எனக்கும் தெரிகிறது. இருந்தாலும் தினமும் அதைப் படிக்கத் தாங்கவில்லை. எதையெதையோ அடித்து மாற்றிவிட்டேன், அந்த வரியை மட்டும் என்னால் மாற்ற முடியாது.

முதலில் சர்வருக்குள் வாருங்கள். முப்பத்தெட்டையும் படியுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடலாமா என்று யோசியுங்கள். உங்கள் மகள் இப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் திறக்கிறாள். தாழ்ப்பாள் எட்டுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
குட்டியின் அம்மா