கட்டிலுக்குக் கீழே விரால்

வேங்கிக்கால்,
அடைமழை, காலை.

அன்புள்ள நந்தினி அப்பாவுக்கு, வேதா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், மஸ்கட்டில் ஷிப்டு முடிந்ததும் முழுசாகப் படியுங்கள்.

நந்தினிக்குச் சளி பரவாயில்லை. துணிதான் காய்வதில்லை. மலை கண்ணிலேயே படவில்லை.

அத்தை கட்டிலுக்குக் கீழே 'களக்' என்று கேட்கிறது, யாரோ ஒரு வாய் தண்ணீர் விழுங்குவதுபோல என்றேனே. எலி என்றீர்கள். எலியுமில்லை, பூனையுமில்லை. தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று பழைய கிணற்றில் நீங்கள் விட்ட விரால் அது. வீடு கட்டும்போது கிணற்றைத் தூர்க்கச் சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் அம்மாவோ மேஸ்திரியிடம், "கங்கம்மாவ மண்ணப் போட்டு சாவடிக்காதப்பா, குடும்பத்துக்கு ஆவாது, மூடி மட்டும் போடு" என்றிருக்கிறார். நேற்றுதான் வாயைத் திறந்தார். அந்த மூடிக்கு மேலேதான் அவர் அறைத் தரை, அவர் கட்டில்.

விலங்கியல் படித்தவளைக் கட்டிக்கொண்டு அதைப் பேசாதே என்றால் எப்படி? விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். சத்தம் கேட்கிறவரை தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே காற்று இருக்கிறது.

போன மாதம் சத்தம் இரண்டானது. பிறகு அரிசி பொரிகிறாற்போலச் சின்னச் சின்னதாய், ஏராளமாய். குஞ்சுகள்! தனி விரால் எப்படிக் குஞ்சு பொரிக்கும்? ஜோடி நம்மூர் ஏரியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியானால் நம் வீட்டுக்கு அடியில் மண்ணை அரித்துத் தண்ணீர் வழி செய்திருக்கிறது.

நந்தினி தரையைத் தட்டினால் கீழேயிருந்து பதில் வருகிறது. அவள் கைகொட்டிச் சிரிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்குதுங்க.

கீழ்பென்னாத்தூரில் எங்கள் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் அத்தை, "மச்சாவதாரம்டி, வூட்டத் தேடி வந்துருக்கு. எம்புள்ள தசரதன் சொல்லட்டும், வரேன்" என்று சூடம் கொளுத்திவிட்டு அதே கட்டிலில் படுத்துக்கொள்கிறார்.

மதியம்.

காலையிலிருந்து சத்தமே இல்லை. நந்தினி தட்டித் தட்டிப் பார்த்தாள். "சாமி தூங்குது" என்கிறார் அத்தை. தூங்கவில்லை. தண்ணீர் மூடியைத் தொட்டுவிட்டது, கீழே காற்று இல்லை.

உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. நந்தினியை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டேன். அத்தை எழுந்திருக்கவில்லை. உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்துவிடுவேன், அந்தத் தரை இரண்டு பேரைத் தாங்குமா என்றுதான் தெரியவில்லை.

அண்ணாமலையார் காப்பாற்றட்டும். இதைப் பார்த்ததும் எனக்குப் போன் செய்யாதீர்கள். உங்கள் அம்மாவின் போனில் கூப்பிட்டு, "மெதுவா எழுந்து வாம்மா" என்று சொல்லுங்கள்.

வாசற்படியில் நிற்கும்,
வேதா