தும்ம வேண்டிய இடத்தில் சிரித்தவள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். ஆபரேஷன் செய்த புண் ஆறிவிட்டது. குரல்வளையை எடுத்த பிறகு கழுத்தில் விட்டிருக்கும் துளை வழியாக மூச்சு விடவும் பழகிவிட்டேன், குளிக்கும்போது மட்டும் அதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டருக்கு என்மேல் ரொம்பத் திருப்தி, எதிர்த்துப் பேசாத ஆளை யாருக்குத்தான் பிடிக்காது. அப்பா எனக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மறந்துவிடுகிறார். மாடிக் குழாய் ஒழுகுகிறது, இதோ வருகிறேன் என்ற பிளம்பர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

போன தடவை நீ அப்பாவிடம் பேசியபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது கண்ணு. "அம்மாகிட்ட குடுக்காதீங்கப்பா, அந்தப் பக்கம் சத்தமே இல்லாம இருந்தா எனக்குத் தாங்காது, அம்மா டப்பிங் பேசின படத்தைப் போட்டுக் கேட்டுக்கறேன், அதுவே போதும்" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா பதறிப்போய் எதையோ அமுக்கினார், சத்தம் இன்னும் கூடியதுதான் மிச்சம். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எதுவுமே வருவதில்லை, மனசு மரத்துக் கிடக்கிறது. அந்தப் "போதும்" மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

அதே படத்தை முப்பது வருஷம் ஆகிவிட்டதென்று இங்கே மறுபடியும் தியேட்டரில் போட்டார்கள். நீ எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று பார்த்துவிடலாம் என்றுதான் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அப்பாவோடு கிளம்பினேன். கதை உனக்குத்தான் மனப்பாடமாயிற்றே, கார் ஓட்டச் சொல்லித்தரும் பெண், அவளை விட்டுப் போக மனசில்லாமல் லைசென்ஸ் டெஸ்டில் ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே கோட்டை விடுகிற பையன். அந்த வயதில் அதைப் பார்த்து உருகிப்போனோம். இப்போது, இப்படி ஒருத்தனை நீ கூட்டிக்கொண்டு வந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன் என்றுதான் தோன்றியது. அப்பா மட்டும் ஒவ்வொரு ஜோக்குக்கும் முன்கூட்டியே சிரித்து முன் சீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ரவுண்டானாவில் கார் நின்றுபோகிற இடம் வந்தது. அந்த நடிகைக்கு நம் மொழி தெரியாது, முகம் அவளுடையது, குரல் என்னுடையது. உன்னிடம் சொல்லியிருக்கிறேனோ என்னவோ, அங்கே அவள் நிஜத்தில் தும்முகிறாள். நானும் மைக் முன்னால் தும்மத் தயாராகத்தான் நின்றேன். சரியாக அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்று ஹீரோவுக்குப் பேசிக்கொண்டிருந்த பெரியவரின் வயிறு கடமுடாவென்று கத்தியது, பாவம், காலையிலிருந்து பட்டினி. நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று ஒலிப்பதிவாளர் சொன்னார், டைரக்டர்தான் "வேணாம், இதுவே இருக்கட்டும், அவ மூஞ்சிக்கு அப்படியே உட்காருது" என்று விட்டுவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் ஊரே விழுந்தது. இந்தத் தடவையும் தியேட்டர் முழுக்கக் கைதட்டல், பக்கத்து சீட்டுப் பெண் தன் தோழியிடம் "என்னா சிரிப்புடி இது" என்றாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அழுகை வந்தாலும் வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன், மடித்தது மடித்தபடி வீட்டுக்கு வந்தது. யாரோ ஒரு பெண் சிரிக்கிறாள், நன்றாகத்தான் சிரிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன். படத்தைப் பார்க்காதே என்று சொல்லவில்லை, அதை நான் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பெண்ணுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, நீ யார் என்றே அவளுக்குத் தெரியாது. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பத் தினமும் தொண்டை கிழியக் கத்தியவள் அவள் இல்லை.

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அடுத்த தடவை அப்பாவிடம் பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல். உன் வேலை, உன் சமையல், உன் சளி, எதை வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொண்டிருப்பேன். மூச்சு கழுத்து வழியாக வருவதால் இந்தப் பக்கம் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பயந்து வைத்துவிடாதே கண்ணு, அது நான்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா