எந்தக் காது வலித்தது, அப்பா?

இன்று காலையில் என் பேரன் காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். டாக்டரிடம் போக நான் செருப்பைத் தேடுவதற்குள் அம்மா அடுப்பைப் பற்றவைத்து, நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுவிட்டாள். ஆனையூர் வீடு முழுக்க அந்த வாசம். "உங்க கொள்ளுத் தாத்தாவுக்கே இதுலதான்டா கேட்டுச்சு. கோடை பூராம் வலியில கெடந்தாக" என்று அவனிடம் பெருமை பேசினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நீங்கள் போன பிறகு இப்படித்தான் ஆகிறது, எதைத் தொடங்கினாலும் பாதியில் வேறாகிவிடுகிறது.

உங்கள் காதுக்கு ஒரு கேடும் இருந்ததில்லை என்பதை அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நாகமலைக்குத் தெற்கே நம் ஊரில் உங்களை மிஞ்சிய முங்கு நீச்சல்காரர் கிடையாது. யார் கிணற்றில் வாளி விழுந்தாலும் வளையல் விழுந்தாலும் உங்களுக்குத்தான் ஆள் வரும். மேலிருந்து தலைகீழாகப் பாய்வீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கும்போது, விழுந்ததைக் கையில் தூக்கிக்கொண்டு சாவகாசமாக மேலே வருவீர்கள். ராசு மாமாவையும் தூக்கிவர உங்களைத்தான் கூப்பிட்டார்கள். உங்கள் சிறு வயதுச் சேக்காளி. மோட்டாரைப் பார்க்கத் தன் கிணற்றுக்குள் இறங்கியவர் படி வழுக்கி விழுந்துவிட்டார். நீங்கள் இறங்கித் தேடி, அவரை மேலே கொண்டுவந்து கிடத்தினீர்கள். வழக்கப்படி உங்கள் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தோளில் புதுத் துண்டு போட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டீர்கள், மாட்டுக்குத் தீவனம் வைத்தீர்கள். நெஞ்சழுத்தக்காரன் என்று ஊர் மெச்சியது.

அதற்குப் பிறகு நீங்கள் கிணற்றில் இறங்கவில்லை. மழைக்காலத்தில் கிணற்றில் இறங்கும் வேலை குறைவு, அதனால் யார் கண்ணிலும் அது படவில்லை. குளியல் பம்புசெட் தொட்டியில். குழாயின் அடியில் தண்ணீருக்குள் இருக்கும் புட்வால்வில் பாசி அடைத்துக்கொண்டால், முங்கி எடுக்கப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இருந்தார். ஏன் நீங்கள் இறங்கவில்லை என்று கேட்டால், "காது குத்துது" என்றீர்கள். முங்குகிறவருக்குக் காது வலிப்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? அம்மா தினமும் உங்களை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி பூண்டெண்ணெய் விட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "ஒங்கப்பா வந்தா ஊறுகாக் கடை வந்த மாதிரி இருக்குடி" என்று என்னைக் கேலி செய்தார்கள்.

ஒரு நாள் நான் தோட்டத்துக்குச் சோறு கொண்டுவந்தேன். நீங்கள் கிணற்றின் மேல்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். முதுகு வேர்வையில் நனைந்திருந்தது. வெகுநேரம் நின்றுவிட்டுக் காலை எடுத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தீர்கள். என்னைப் பார்த்ததும், "காது குத்துது தாயி" என்று வலது காதைத் தொட்டுக் காட்டினீர்கள். அம்மா எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது இடது காதில்.

அந்தக் கோடையில் எல்லாம் சேர்ந்து வந்தது. நெல் கதிர் பிடிக்கும் நேரத்தில் புட்வால்வு அடைத்துக்கொண்டு மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. முங்கி எடுக்கும் அண்ணன் கப்பலூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். டீக்கடையில், "மாப்ளைக்குக் காதுலயா கோளாறு, இல்ல ராசு வந்து உள்ள உக்காந்துக்கிட்டானா?" என்று பேச்சு கிளம்பியது. அம்மா பயந்துபோய், வெள்ளிக்கிழமை பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கடித்துப் பார்க்க ஏற்பாடு செய்தாள். உடுக்குச் சத்தம் நம் வாசலில் கேட்டுவிட்டால் அப்புறம் சாகும்வரை நீங்கள் பேய் பிடித்த ஆள்தான். பயிர் போனால் அடுத்த போகம் உண்டு. ஊருக்கு நடுவில் தலைநிமிர்ந்து நடந்தவர் ஒடுங்கிப்போனால் அதற்கு என்ன உண்டு? எனக்கு அப்போது பதினோரு வயது. அதை நடக்கவிடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

முதலில் நான் போட்டது தப்புக் கணக்கு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பயப்படாதீங்கப்பா" என்றேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். நீங்கள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போனீர்கள். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. நீங்கள் மூடி வைத்திருந்ததை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன் என்பது மெல்லத்தான் புரிந்தது.

மறுநாள் வேறு வழியில் வந்தேன். "எனக்கு நீச்சல் சொல்லிக் குடுங்க."

அம்மா பாய்ந்தாள். "பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி நீச்சல்?"

"கெணத்துல தண்ணி எறைக்கிறது யாரு, ஆம்பளையா? நான் வழுக்கி விழுந்தா யாரு தூக்குவா?"

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுந்து, பரணில் கிடந்த சுரைக்குடுக்கையை எடுத்துத் தூசி தட்டினீர்கள்.

குடுக்கையை என் முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே நின்று பிடித்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். நான் சுவரில் நீட்டியிருந்த கல்படிகளில் இறங்கினேன். "மேல இருந்தா ஒங்க மொகம் தெரியல. பயமா இருக்கு. ஒரு படி எறங்குங்க" என்றேன். அது நான் போட்டுவைத்த திட்டம். ஆனால் பச்சைத் தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் திட்டம் நிஜமாகிவிட்டது அப்பா. பல் கிட்டித்துக்கொண்டது. மேலே ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் நீங்களும் என் பின்னாலேயே போய்விடுவீர்கள் என்பதால் நின்றேன்.

அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு படியாகக் கேட்டு வாங்கினேன். உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன், பார்த்தால் உங்களுக்குக் கூசும். கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். காலை எப்படி அடிக்கணும், கையை மடக்கணுமா, மூச்சை எப்போ விடணும். "தொடையில இருந்து அடி தாயி, மொழங்கால்ல இருந்து அடிச்சா தவளை கூடச் சிரிக்கும்" என்று நீங்கள் அதட்டுவீர்கள். அதட்டுகிற நேரத்தில் உங்களுக்குப் பயப்பட நேரம் இருக்காது.

வியாழக்கிழமை கடைசிப் படிக்கு வந்துவிட்டீர்கள். பாதம் தண்ணீரில் இருந்தது. அப்போதுதான் சொன்னீர்கள். "அவன் கண்ணு தொறந்தே இருந்துச்சு தாயி. தண்ணிக்குள்ள என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். இப்ப எந்தத் தண்ணியப் பாத்தாலும் அடியில அவன் இருக்கான்."

இது வேறு கிணறு என்று சொல்ல வாயெடுத்தேன். அது உங்களுக்குத் தெரியாதா என்ன? "நான் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுக் கண்ணைத் திறந்தேன். எரிந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததை எல்லாம் மேலே வந்து ஒப்பித்தேன்.

"பாசி இருக்குப்பா. குழாய் இருக்கு. பழைய மண்வெட்டிக் காம்பு ஒண்ணு சொருகிக் கெடக்கு. கெண்டைக் குஞ்சு அம்புட்டு இருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாத்தியா?"

மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் இல்லை என்றேன். நீங்கள் கயிற்றைக் கல்லில் சுற்றிக் கட்டினீர்கள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சினீர்கள். பாயவில்லை; படியைப் பிடித்தபடி மெதுவாக, குளிருக்கு அஞ்சும் கிழவரைப் போல இறங்கினீர்கள். கழுத்துவரைத் தண்ணீர் வந்ததும் ஒரு முனகல் கேட்டது. அப்புறம் தலை மறைந்தது. நான் படியை இறுகப் பிடித்துக்கொண்டு உங்களுக்காக மூச்சை அடக்கினேன், என்னால் முடியாமல் விட்டேன், மறுபடி அடக்கினேன். கை நிறையப் பாசியோடு மேலே வந்தீர்கள். அழுதீர்களா என்று தெரியாது. முகத்தில் எல்லாமே தண்ணீர்தான்.

சாயங்காலம் வயலுக்குத் தண்ணீர் ஓடியது. அம்மா கோடாங்கியை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். "காது எப்பிடி இருக்கு?" என்று அவள் கேட்டபோது, என்னைப் பார்க்காமல், "ஒம் பூண்டெண்ணெய் கேட்ருச்சு" என்றீர்கள். அன்று தொடங்கியதுதான் அவள் வைத்தியப் பெருமை. அதைக் கெடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

அதற்குப் பிறகு யாரிடமும் நான் 'பயப்படாதே' என்று சொன்னதில்லை. பரீட்சைக்கு முந்தி வயிறு வலித்த தம்பியிடமும், கீழே விழுந்த பிறகு ஸ்கூட்டரைத் தொடாமல் கழுத்து வலி என்ற என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. எந்த இடம் வலிக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்வேன். மறுநாள் அது இடம் மாறினால் எனக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி. உங்கள் காரியம் முடிந்த அன்றைக்கு என்னோடு கிளம்பி வந்தவள், ஊருக்குப் போகலாம் என்றாலே முழங்காலைத் தடவுகிறாள். இங்கே மாடிக்கு வடகம் காயவைக்க ஏறி இறங்குகிற அதே முழங்கால்தான். போன வாரம் விடாப்பிடியாகக் கூட்டிப்போனேன். வீட்டைத் திறந்தேன். உங்கள் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

எனக்கும் உள்ளே போகக் கால் வரவில்லை அப்பா. போனேன். கட்டில் இருக்கிறது, பாய் சுருட்டியபடி இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, மூலையில் ஒட்டடை இருக்கிறது என்று உள்ளிருந்தே சொன்னேன்.

அம்மா கேட்டாள். "அவுக?"

நான் அறை முழுக்க ஒரு தடவை பார்த்தேன். அவசரப்படாமல், நன்றாகப் பார்த்தேன்.

"இல்லம்மா."

அவள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.