கயிற்றுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. என் முட்டி பரவாயில்லை, உன் அம்மாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, விஷயத்தைப் பார்.

நாங்கள் வேலை பார்க்கும் மாளிகையின் வரவேற்பறை உனக்குத் தெரியுமே, நூறு வருஷத்துச் சிவப்பு வெல்வெட் சோபா, சிங்கக்கால் வைத்த தேக்கு மேஜை, ஆளுயரக் கண்ணாடி, சரவிளக்கு, பார்க்க வருகிறவர்கள் தொடாமலிருக்கக் குறுக்கே கட்டின கயிறு. தூசி துடைக்க உன் அம்மா ஒருத்திதான் அந்தப் பக்கம் போவாள், மகாராணி எழுந்தருளியாச்சா என்று வாசல் காவலிலிருந்து நான் கிண்டல் செய்வேன். அந்தக் கிண்டல் பலித்துவிட்டது. கொஞ்ச நாளாக அவளுக்கு எல்லாம் மறக்கிறது, அது தன் வீடு என்றே நினைப்பு. டாக்டர் இது திரும்பாது என்கிறார். வருகிறவர்களை ஏன் நிக்கிறீங்க உக்காருங்க என்கிறாள், போன வாரம் அந்தக் கயிற்றில் என் ஈரச் சட்டையைக் காயப்போட்டாள், ஒருவர் அதையும் போட்டோ எடுத்தார், கிழிசலைப் பார்த்து அந்தக் காலத்துச் சட்டை என்று நினைத்திருப்பார். எனக்குச் சிரிப்பு, மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் குடியிருக்கும் பின்கட்டு அறையில் அவளை வைத்துப் பூட்டினேன், என் வீட்டுக்குப் போகணும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், திறந்துவிட்டேன், வேறென்ன செய்ய. நேற்று அந்த மேலாளரையே செருப்பைக் கழற்றச் சொல்லி சோபாவில் உட்காரவைத்தாள், பிறகு என்னைப் பார்த்து, வாட்ச்மேன், சாருக்குத் தண்ணி கொண்டாப்பா என்றாள். வேலையை மறக்கவில்லை, ஆளைத்தான் மறந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு மரியாதையாக என்னை அவள் கூப்பிட்டதே இல்லை. போய்க் கொண்டுவந்தேன். அவர் குடித்தார், எழுந்தார், மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாருங்கண்ணே என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வரவேற்பறையை விட்டு அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது, எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் மட்டும் யாரையும் உட்காரவிடமாட்டேன் என்கிறாள், கேட்டால், அது என் வாயாடிக்கு, வந்துட்டிருக்கா என்கிறாள். நான் போய்விட்டேன், நீ இன்னும் இருக்கிறாய் அவளிடம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு. மாசக் கடைசிக்குள் வா. மறக்காமல் செருப்பை வாசலிலேயே விடு, கயிற்றைத் தாண்டி அந்த நாற்காலியில் போய் உட்கார், மேலாளரை நான் பார்த்துக்கொள்கிறேன். கதவை நான்தான் திறந்துவிடுவேன்.

இப்படிக்கு
உன் அப்பா,
உன் அம்மா வீட்டு வாட்ச்மேன்