காத்திருக்கும் ஆட்களும் காத்திருக்கும் கார்களும்

அன்பு வாலுக்கு, அம்மா எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, தம்பி கணக்குப் பரீட்சையில் மறுபடியும் கோட்டை விட்டிருக்கிறான், எனக்குக் கழுத்து வலி, இதையெல்லாம் தள்ளிவிட்டால் சுகம்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த அறைத்தோழி இன்னும் உன் துண்டைத்தான் எடுத்துத் துடைத்துக்கொள்கிறாளா? நிரந்தர வேலையை விட்டுவிட்டு அந்த மின்சாரக் கார் தொழிற்சாலையில் சேரப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. லட்சம் பேர் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், நீயே அவர்கள் ஷோரூமில்தானே வேலை பார்க்கிறாய் அம்மா, உனக்குத் தெரியாதா என்று கேட்டாய். தெரிந்துதான் தலைவலி. அப்பாவோ, உங்கம்மாவுக்கு ஃபிரிட்ஜ் சத்தம் போட்டாலும் பயம், சத்தம் நின்னாலும் பயம், அவளை எதுக்குக் கேக்கிற என்கிறார். காலேஜ் படிக்கும்போதே உன்னைப் பெற்றவள், பயம் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது, அதை விடு.

இந்த வாரம் முழுக்க, பதிவு செய்தவர்களுக்குப் போன் போடுவதுதான் என் வேலை. ஒரு மருந்துக்கடைக்காரர், மூணு கம்பெனியில பதிஞ்சு வச்சேன், யார் முதல்ல குடுத்தாங்களோ அவங்ககிட்ட வாங்கிட்டேன் என்றார். ஒரு டீச்சரம்மா, நான் பதிஞ்சப்போ எம்பொண்ணு ஸ்கூல்ல படிச்சா, இப்ப அவ பெட்ரோல் வண்டியில வேலைக்கே போறா, நீங்க இன்னும் வருது வருதுன்னு சொல்லிட்டிருக்கீங்க என்று சிரித்தார். முக்கால்வாசிப் பேர் கேட்டது விலை குறைந்த சின்னக் கார். தொழிற்சாலை செய்து அனுப்புவதோ பெரியது. அதைச் சொன்னால், நான் கேட்டது வரட்டும்மா, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறார்கள். இங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள், அங்கே கார்கள் காத்திருக்கின்றன, இரண்டும் சந்திப்பதாக இல்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் மைதானம் முழுக்க விற்காத வண்டிதானாம், ஏற்றி வரும் லாரி டிரைவர், கண்ணாடி இடுக்குல குருவி கூடு கட்டிடுச்சும்மா, வேணும்னா குருவியோட சேத்து இறக்கிடறேன் என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன் முகம்தான் வந்தது.

அதனால் கண்ணு, ராஜினாமாவைக் கொடுக்கும் முன் ஒரு லீவு நாளில் போய் அந்த மைதானத்தைச் சுற்றிப் பார். உன்னை வேலைக்கு எடுக்கிறவர்களிடம் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கேட்காதே, போன மாதம் எத்தனை செய்தீர்கள், அதில் எத்தனைக்கு நம்பர் பிளேட் மாட்டியிருக்கிறது என்று கேள். பதில் திருப்தியாக இருந்தால் சேர்ந்துகொள், தடுக்க மாட்டேன், அப்பாவிடமும் நானே சொல்கிறேன். அந்த லட்சத்தை மட்டும் நம்பாதே. வேண்டாம் என்று சொன்னவர் பெயரைக்கூட மேனேஜர் பட்டியலிலிருந்து எடுக்க விடுவதில்லை, யோசிக்கிறார்னு போட்டு வைங்க மேடம் என்கிறார், நானும் போடுகிறேன். அந்த லட்சம் குறையாமல் பார்த்துக்கொள்ளத்தான், வாலு, எனக்குச் சம்பளம்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். பார்த்துவிட்டு உடனே போன் செய்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா